2027ஆம் ஆண்டின் முதல் சுற்று பிக்கை 28 வயது வீரருக்காகக் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி: மெல்போர்னின் தென்கிழக்குப் பகுதியில் குடும்பத்துடன் வசிக்கிறேன். பிள்ளைகள் பள்ளியில் ஆடத் தொடங்கியதிலிருந்து எனக்கும் ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் ஈடுபாடு வந்து, இப்போது அதன் தலைமை லீக்கான ஏஎஃப்எல்லில் ஆடும் ஒரு கிளப்பின் உறுப்பினராக இருக்கிறேன். கிளப்பின் பெயரை வெளியிட வேண்டாம். எங்கள் அணி மூன்று பருவங்களாகப் புள்ளிப் பட்டியலின் கடைசி ஆறு இடங்களுக்குள்ளேயே முடிக்கிறது. ஆனால் 19 முதல் 22 வயதுக்குள் நல்ல வீரர்கள் எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். கிளப்புகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ளும் இந்த 2026 அக்டோபர் டிரேடில், வேறோர் அணியின் 28 வயது மிட்ஃபீல்டரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவர, 2027க்கான முதல் சுற்று பிக்கையும் (டிராஃப்ட் எனப்படும் ஆண்டுத் தேர்வில் ஓர் இளம் வீரரை எடுக்கும் உரிமை) இவ்வாண்டின் இரண்டாம் சுற்று பிக்கையும் கொடுக்கக் கிளப் தயாராக இருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது. இது சரியா? இன்னொன்று, பெர்த்திலிருந்து வந்த எங்கள் 20 வயது முன்கள வீரரின் ஒப்பந்தம் 2027உடன் முடிகிறது. எட்டு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்து அவரைத் தக்கவைக்க வேண்டுமா, நல்ல விலை வரும்போதே விட்டுவிட வேண்டுமா? ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய எனக்கு இந்தக் கணக்குகள் பிடிபடவில்லை.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

ஆஸ்திரேலிய ஃபுட்பால் அணிகளின் வீரர் பட்டியல்களையும் ஒப்பந்தங்களையும் ஆராய்ந்து ஆலோசனை சொல்வது என் தொழில். உங்கள் கடிதத்தில் நான் முதலில் கவனித்தது வயதுகளைத்தான். எட்டு இளைஞர்களின் வயதையும் வரப்போகிறவரின் வயதையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்; பதிலுக்கு வேண்டிய பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. இந்த டிரேடைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2027ஆம் ஆண்டின் பிக்கை எந்த நிலையிலும் விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விற்பதானால், உங்கள் எட்டுப் பேரோடு சேர்ந்து முதிரக்கூடிய, 22 முதல் 25 வயதுக்குள் இருக்கும் ஒருவருக்காக விற்க வேண்டும். அந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சந்தையின் விதிகள். ஐபிஎல் ஏலத்தில் கையில் தொகை வைத்திருக்கும் அணி விலையை ஏற்றி வீரரை எடுத்துவிடலாம். ஏஎஃப்எல்லில் ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு விலை கொடுத்து வீரரை வாங்க முடியாது. கைமாறக்கூடியவை வீரர்களும் டிராஃப்ட் பிக்குகளும் மட்டுமே. வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு எல்லா அணிகளுக்கும் ஒரே உச்சவரம்பு உண்டு. 1986இல் தொடங்கிய டிராஃப்டில், கடைசி இடத்தில் முடித்த அணி முதலில் இளைஞரைத் தேர்ந்தெடுக்கிறது; சாம்பியன் அணி அந்தச் சுற்றின் கடைசியில் தேர்ந்தெடுக்கிறது. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை அவருடைய சம்மதமின்றி வேறு அணிக்கு அனுப்ப முடியாது. எட்டுப் பருவங்களை ஒரே கிளப்பில் முடித்தவர், ஒப்பந்தம் முடியும்போது ஃப்ரீ ஏஜென்ட் ஆகி வேறு அணிக்குப் போகலாம். 2012 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கிளப்பில் அதிகச் சம்பளம் வாங்கும் கால்பங்கு வீரர்களுக்குள் அவர் இருந்தால், வெளியிலிருந்து வந்த அதே தொகையைத் தந்து தடுக்கும் உரிமை மட்டும் பழைய கிளப்புக்கு உண்டு.

பணம் செல்லாத சந்தையில் பிக்தான் நாணயம். ஆனால் எதிர்கால பிக் என்பது மதிப்பு முன்கூட்டித் தெரியாத நாணயம். 2015 முதல் கிளப்புகள் அடுத்த ஆண்டின் பிக்குகளையும் விற்க அனுமதிக்கப்பட்டபோது, விற்கும் அணி தன் அடுத்த பருவத்தின் தோல்வியையும் சேர்த்து விற்கிறது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2020இல் காலிங்வுட், தன் 2021ஆம் ஆண்டின் முதல் சுற்று பிக்கை கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குக் கொடுத்தது. அடுத்த பருவத்தில் காலிங்வுட் 18 அணிகளில் 17ஆவது இடத்துக்குச் சரிந்தது. நடுத்தர பிக்காக இருக்கும் என்று எண்ணப்பட்டது இரண்டாவது பிக்காக மாறி எதிரணியின் கைக்குப் போனது.

இந்த இடத்தில் காலிங்வுட்டுக்காக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். அந்த 2021ஆம் ஆண்டில் முன்னாள் வீரர் பீட்டர் டேகோஸின் மகன் நிக் டேகோஸ் டிராஃப்டுக்கு வரவிருந்தார். தந்தை ஒரு கிளப்புக்கு 100 ஆட்டங்கள் ஆடியிருந்தால் மகனை அந்தக் கிளப் உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பிக்குக்கும் லீக் ஒரு புள்ளி மதிப்பை வைத்திருக்கிறது; வேறு அணி எந்த இடத்தில் அவரைக் கேட்கிறதோ அந்த இடத்துக்கான புள்ளிகளை, தன்னிடமுள்ள பிக்குகளின் புள்ளிகளால் ஈடுகட்ட வேண்டும். டேகோஸ் நான்காவது இடத்தில் கேட்கப்பட்டார். அன்றைய அட்டவணையில் நான்காவது பிக்குக்கு 2034 புள்ளிகள். 20 விழுக்காடு சலுகை போக 1627. அதே அட்டவணையில் 38ஆவது பிக்குக்கு 465, 40ஆவதுக்கு 429, 42ஆவதுக்கு 395, 44ஆவதுக்கு 362. கூட்டினால் 1651. பெரும்பாலும் ஓரிரு பருவங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்காத வீரர்கள் கிடைக்கும் நான்கு பின்வரிசை பிக்குகளின் விலைக்கு, ஒரு தலைமுறையின் மிகச் சிறந்த மிட்ஃபீல்டர்களில் ஒருவர் கிடைக்கக்கூடிய ஏற்பாடாக அது இருந்தது. உயர்ந்த பிக் கையில் இருந்திருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் கரைந்திருக்கும் என்பதால், அதை முன்கூட்டியே விற்றதில் ஒரு நியாயம் இருந்தது. 2025இலிருந்து சலுகை 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுவிட்டது. பின்வரிசை பிக்குகளின் புள்ளிகளும் வெட்டப்பட்டுவிட்டன. உங்கள் கிளப்புக்கு 2027இல் அப்படி ஒரு மகனோ, கிளப்பின் சொந்தப் பயிற்சி அகாடமியில் வளர்ந்த வீரரோ வரவிருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அப்படி ஒருவர் இல்லாத அணி காலிங்வுட்டின் வழியைப் பின்பற்ற முடியாது.

இனி உங்கள் எட்டுப் பேர். ஒரு தாளில் இடப்பக்கம் அவர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் வயது, இதுவரை ஆடிய ஆட்டங்கள், ஒப்பந்தம் முடியும் ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் 2027 முதல் 2031 வரை ஐந்து கட்டங்கள் இழுத்து, ஒவ்வோர் ஆண்டிலும் அவர்களின் வயதையும் எதிர்பார்க்கும் ஆட்ட எண்ணிக்கையையும் நிரப்புங்கள். லீக் சுற்றில் ஓர் அணிக்கு 23 ஆட்டங்கள். காயம், ஃபார்ம் இழப்பு, இரண்டாம் அணிக்கு அனுப்பப்படுதல் எல்லாவற்றையும் கழித்தால், ஓர் இளைஞர் ஆண்டுக்கு 18 ஆட்டங்கள் ஆடுவதே நல்ல கணக்கு. அந்த வேகத்தில் 100 ஆட்டங்களைத் தொட ஐந்து பருவங்களுக்கு மேல் ஆகும். என் அனுபவத்தில் ஓர் அணி கோப்பையை நினைக்கத் தொடங்குவது, அதன் மையத்தில் இருக்கும் ஆறேழு பேராவது 100 ஆட்டங்களை நெருங்கும்போதுதான். அதற்கு முன்னால் திறமை தெரியும். நான்காவது கால்பகுதியில் ஒரு கோல் பின்தங்கி நிற்கும்போது எந்தப் பக்கம் உதைக்க வேண்டும் என்ற நிதானம் வந்திருக்காது.

கட்டங்களை நிரப்பிப் பார்த்தால், 2027இல் உங்கள் எட்டுப் பேருக்கு 20 முதல் 23 வயது. 2030இல் 23 முதல் 26. 2031இல் 24 முதல் 27. கடைசி இரண்டு கட்டங்கள்தான் உங்கள் அணியின் காலம். இப்போது அதே தாளின் அடியில் அந்த மிட்ஃபீல்டரை எழுதுங்கள். 2027இல் அவருக்கு 29, 2030இல் 32, 2031இல் 33. அவர் சிறப்பாக ஆடப்போகும் இரண்டு பருவங்களில் உங்கள் இளைஞர்கள் இன்னும் தோற்றுக் கற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முதிரும்போது, ஆடுகளத்தில் ஓடவே சிரமப்படும் ஒருவருக்கு நீங்கள் முழுச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். இதில் இன்னொரு கேடும் உண்டு. அவருடைய வரவால் அணி 15ஆவது இடத்திலிருந்து 11ஆவது இடத்துக்கு ஏறலாம். ஃபைனல்ஸ் எனப்படும் கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களில் வெல்லும் அளவுக்கு அது உயர்வு இல்லை. ஆனால் 2028இல் நீங்கள் வைத்திருக்கும் பிக்கின் இடம் அதனால் பின்னுக்குப் போய்விடும்.

இந்த வரிசையைச் சரியாகப் பிடித்த அணி பிரிஸ்பேன் லயன்ஸ். 2013ஆம் ஆண்டின் முடிவில் அங்கிருந்து சாம் டாகர்டி, ஜாரட் போலெக், எலியட் யோ உட்பட ஐந்து இளம் வீரர்கள் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். 2017இல் அணி கடைசி இடத்தில் முடித்தது. அந்தக் காலத்தில் கிளப் அவசரப்பட்டு எதிர்காலத்தை விற்கவில்லை. 2016இல் ஹியூ மெக்லகேஜ், ஜாரட் பெர்ரி, 2017இல் கேம் ரெய்னர், சாக் பெய்லி, பிராண்டன் ஸ்டார்செவிச் என்று டிராஃப்டில் அடித்தளம் போட்டது. மெக்லகேஜும் பெர்ரியும் நார்த் பல்லாரட் ரெபெல்ஸ் என்ற ஒரே இளையோர் அணியில் ஆடியவர்கள். வீட்டைவிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தள்ளி வரும் 18 வயதுப் பையனுக்குத் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, பிள்ளைகளை வெளியூரில் படிக்கவைத்த பெற்றோர் அறிவார்கள். ஐந்து பேரை இழந்த கிளப்புக்கு இந்தச் சேர்க்கை வெறும் திறமைக் கணக்காக இருந்திருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

அதன் பிறகு அவர்கள் வெளியிலிருந்தும் பெரிய விலைக்கு வாங்கினார்கள். 2017 முடிவில் அடிலெய்டிலிருந்து வந்த சார்லி கேமரனுக்கு வயது 23. 2018 முடிவில் ஃப்ரீமேன்டிலிலிருந்து வந்த லாக்கி நீலுக்கு 25. 2018இல் 15ஆவது இடத்தில் முடித்த அணி 2019இல் இரண்டாம் இடத்துக்கு வந்தது. நீல் 2020இலும் 2023இலும் பருவத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றார். 2020 முடிவில் ஃப்ரீ ஏஜென்டாக ஜோ டேனிஹர் வந்தபோது அவருக்கு 26. 2022இல் முன்னாள் வீரரின் மகனாக வில் ஆஷ்கிராஃப்ட் சேர்ந்தார். 2023இல் காலிங்வுட்டிடம் நான்கு புள்ளிகளில் கோப்பையை இழந்து, 2024இலும் 2025இலும் அதை வென்றார்கள். கடைசி இடத்திலிருந்து கோப்பைக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. ஐந்தாண்டுத் திட்டம் என்று கிளப்புகள் அறிவிக்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்த வீரரே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே பிரிஸ்பேன், 2017 முடிவில் ஹாதோர்னின் முன்னாள் கேப்டன் லூக் ஹாட்ஜை 33 வயதில் கொண்டுவந்தது. நான்கு கோப்பைகள் வென்ற அவர் இரண்டு பருவங்கள் ஆடி, பின்களத்தில் இளைஞர்களைக் குரல் கொடுத்து நிறுத்தி, ஓய்வுபெற்றார். அதற்கு முதல் சுற்று பிக் எதுவும் செலவாகவில்லை. நீண்ட ஒப்பந்தமும் இல்லை. உங்கள் இளைஞர்களுக்கு வழிகாட்டி வேண்டுமென்றால் அப்படிப்பட்ட ஒருவரைத் தேடச் சொல்லுங்கள்.

பிக்குகளைப் பிடித்துவைத்திருந்தாலே போதும் என்பதும் உண்மையில்லை. கார்ல்டன் 2005, 2006, 2007 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து முதல் பிக்கைப் பெற்று மார்க் மர்ஃபி, பிரைஸ் கிப்ஸ், மேத்யூ க்ரூசர் ஆகியோரை எடுத்தது. 2007இல் வெஸ்ட் கோஸ்டிலிருந்து 24 வயது கிறிஸ் ஜட்டையும் கொண்டுவந்தது. ஜட் 2010இல் பிரவுன்லோ வென்றார். ஆனால் அந்தத் தலைமுறை கோப்பையைத் தீர்மானிக்கும் கிராண்ட் ஃபைனல் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. ஜட்டுக்கு விலையாக, பிக்குகளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட வீரர் ஜோஷ் கென்னடி. அவர் வெஸ்ட் கோஸ்டின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவராகி, 2018இல் கோப்பையும் வென்றார். கார்ல்டனிடம் உச்சியில் நட்சத்திரங்கள் இருந்தார்கள். அவர்களைச் சுற்றி நிற்க வேண்டிய பதினைந்து பேர் போதிய தரத்தில் இல்லை என்பது என் கணிப்பு. ஆட்ட நாளில் 23 பேர் களமிறங்க வேண்டிய விளையாட்டில் முதல் பிக்குகளால் நிரப்பக்கூடிய இடங்கள் மிகச் சில. மற்றவை 30ஆவது பிக்குக்குப் பின்னாலிருந்தும், மாநில லீக்குகளிலிருந்தும், பிற கிளப்புகள் கழித்துவிட்டவர்களிடமிருந்தும் வர வேண்டும்.

வாங்குகிற வீரரின் வயது சரியாக இருந்தும் தவறிப்போன டிரேடுகள் உண்டு. 2018இல் கோப்பை வென்ற வெஸ்ட் கோஸ்ட், 2019 அக்டோபரில் ஜீலாங்கிலிருந்து டிம் கெல்லியைக் கொண்டுவர இரண்டு முதல் சுற்று பிக்குகள் உட்பட ஒரு பெரிய தொகுப்பைக் கொடுத்தது. கெல்லிக்கு 25 வயது, சிறந்த மிட்ஃபீல்டர். ஆனால் அணியின் தூண்களான கென்னடிக்கும் ஷானன் ஹர்னுக்கும் 32, லூக் ஷூயிக்கும் நிக் நைடனுயிக்கும் 29. 2020இல் முதல் ஃபைனலிலேயே ஒரு புள்ளியில் தோற்றார்கள். 2022இல் 17ஆவது இடம், 2023இல் கடைசி இடம். ரிச்மண்டும் 2022 முடிவில் டிம் டரன்டோ, ஜேக்கப் ஹாப்பர் இருவரையும் ஏழாண்டு ஒப்பந்தங்களில் கொண்டுவர 12, 19 ஆகிய பிக்குகளோடு 2023இன் முதல் சுற்று பிக்கையும் கொடுத்தது. 2024இல் கடைசி இடத்தில் முடித்து மறுபடி அடியிலிருந்து தொடங்கியது. இரண்டு இடங்களிலும் வந்தவர்கள்மீது குற்றமில்லை. சுற்றியிருந்தவர்களின் காலம் முடியும் தருவாயில் எதிர்காலத்தை விலையாகக் கொடுத்ததுதான் பிழை. நீங்கள் கேட்கும் டிரேட் இதற்கு நேர்மாறான பிழை: அணி இளமை, வரும் வீரர் முதுமை. விளைவில் பெரிய வேறுபாடு இராது.

ஜீலாங்கைக் காட்டி உங்கள் கிளப் வாதிடக்கூடும். 2022இல் 81 புள்ளிகள் வித்தியாசத்தில் கோப்பை வென்ற அந்த அணி, இந்த லீக்கில் களமிறங்கிய அணிகளிலேயே சராசரி வயது மிகுந்தது என்பது உண்மை. ஆனால் அது அடிமட்டத்திலிருந்து எழுந்த அணி இல்லை. 2007, 2009, 2011 கோப்பைகளுக்குப் பின்னும் விழாமல் நின்ற அணி. பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்டும் ஜெரமி கேமரனும் 25, 27 வயதுகளில் வந்தார்கள். மற்றவர்களைத் தேடிப் பிடித்த விதம்தான் கற்கத்தக்கது. டாம் ஸ்டூவர்ட் 2016இல் 40ஆவது பிக்கில், வயது முதிர்ந்த பின் எடுக்கப்பட்டவர். டைசன் ஸ்டெங்கிள் வேறு கிளப்பின் பட்டியலிலிருந்து விடுபட்டு வந்து, 2022இல் ஐம்பதுக்கு மேல் கோல் அடித்தார். ஹாதோர்னிலிருந்து ஃப்ரீ ஏஜென்டாக, பிக் எதுவும் செலவாகாமல் வந்த ஐசக் ஸ்மித், 33 வயதில் அந்தக் கிராண்ட் ஃபைனலின் சிறந்த வீரர் பதக்கத்தைப் பெற்றார். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் அணிக்குத்தான் முப்பதைக் கடந்தவர்கள் அப்படிப் பயன்படுவார்கள்.

2027 பிக்கை விற்பதற்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. 2028இல் டாஸ்மேனியா 19ஆவது அணியாக வருகிறது. புதிய அணி வரும்போது டிராஃப்டில் அதற்குச் சலுகை கிடைப்பது வழக்கம். கோல்ட் கோஸ்ட் வந்த சமயத்தில், 2010 டிராஃப்டின் முதல் மூன்று பிக்குகளும் அதற்கே போயின. ஆகவே அந்த ஆண்டுகளை ஒட்டிய பிக்குகள் எல்லா அணிகளுக்கும் பின்னுக்குத் தள்ளப்படும். உங்கள் பிக்கும் பார்ப்பதற்கு இருக்கும் எண்ணைவிட மதிப்புக் குறைவாகத்தான் இருக்கும். இதனால்தான் விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதே கணக்கை மற்ற 17 கிளப்புகளும் போட்டிருக்கும் என்பதால், உங்கள் பிக்கை மட்டும் யாரும் பழைய விலைக்கு வாங்க மாட்டார்கள். குறைந்த விலை கிடைத்தாலும், அது 23 வயது வீரருக்காக இருந்தால் உங்கள் தாளில் எட்டுப் பேர் ஒன்பதாகிறார்கள். 28 வயதுக்காரருக்காக இருந்தால் எட்டு எட்டாகவே இருக்கும்.

சம்பளக் கணக்கையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். உங்கள் எட்டுப் பேரும் இன்று குறைந்த சம்பளத்தில் ஆடுகிறார்கள். உச்சவரம்பின் கீழ் இடம் இருப்பதுபோல் இப்போது தோன்றுவது அதனால்தான். 2029, 2030இல் அவர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பெரிய ஒப்பந்தம் கேட்பார்கள். 2020 முடிவில் காலிங்வுட் இந்த நெருக்கடியில் சிக்கி, ஆடம் ட்ரெலோரை அவருடைய ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுகள் மீதமிருக்கும்போதே வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு அனுப்பி, அவர் சம்பளத்தின் ஒரு பகுதியையும் தானே கொடுக்க ஒப்புக்கொண்டது. இப்போது இருக்கும் இடத்தை வெளியாளுக்குக் கொடுப்பதைவிட, உங்கள் இளைஞர்களில் இருவர் மூவருக்கு ஒப்பந்தத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் கூடுதலாகவும் பின்னால் குறைவாகவும் வருமாறு வகுப்பது புத்திசாலித்தனம். வெளியிலிருந்து யார் வந்தாலும் 2030இல் அவர் எவ்வளவு இடத்தை அடைப்பார் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

பெர்த் இளைஞரின் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு ஆண்டு என்ற எண்ணைக் கேட்டதும் அவர் கட்டுண்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். 18 வயதில் வந்தவர் என்று வைத்துக்கொண்டால், 26 வயதில்தான் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியும். அதுவரை ஒப்பந்தம் முடிந்தாலும் பேச்சுவார்த்தையில் உங்கள் கிளப்புக்கு ஓரளவு பிடி இருக்கிறது. ஆகவே எட்டு ஆண்டுகளில் கிளப் உண்மையில் விலைகொடுத்து வாங்குவது 26க்குப் பிந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளை மட்டுமே. நீண்ட ஒப்பந்தம் வீரரைத் தடுக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2021இல் மெல்போர்ன் கோப்பை வென்றபோது ஆட்டநாயகனாக இருந்த கிறிஸ்டியன் பெட்ராக்கா 2029 வரை ஒப்பந்தம் வைத்திருந்தும் 2025 அக்டோபரில் கோல்ட் கோஸ்டுக்குப் போனார். 20 வயதுக்காரர் முழங்காலில் காயம் பட்டால் அந்த எட்டு ஆண்டுகளின் சுமை கிளப்பின்மீது விழும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நான் என்றால் 2030 வரை மூன்று ஆண்டு நீட்டிப்பைக் கேட்பேன். அணி உயரத் தொடங்கியிருக்கும் நேரத்தில் அவர் இரண்டாம் முறை முடிவெடுப்பார். வெற்றி பெறும் அணியைவிட்டு வீடு திரும்புகிறவர்கள் குறைவு.

கையெழுத்திட மறுத்தாலும் இந்த அக்டோபரில் விற்கத் தேவையில்லை. 2018இல் டிம் கெல்லி குடும்பக் காரணங்களுக்காக மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போக விரும்பியபோது, ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு மீதமிருந்த நிலையில், வெஸ்ட் கோஸ்ட் முன்வைத்த விலையை ஜீலாங் ஏற்கவில்லை. 2019இல் அவர் மிகச் சிறப்பாக ஆடினார். ஓராண்டு கழித்து ஜீலாங் பெற்ற விலை முதல் முறை பேசப்பட்டதைவிடக் கணிசமாக உயர்ந்திருந்தது. 2017இல் 24ஆவது பிக்கில் எடுத்த வீரர் அவர் என்பதை நினைத்தால், ஜீலாங்கின் பொறுமைக்குக் கிடைத்த பலன் புரியும்.

இதில் ஓர் அபாயம் உண்டு. ஒப்பந்தம் முடிந்த பின் டிரேட் கூடிவராவிட்டால் வீரர், பருவத்துக்கு முன் தனியாக நடக்கும் ப்ரீ சீசன் டிராஃப்டுக்குப் போகலாம்; 2019இல் ஜாக் மார்ட்டின் அப்படித்தான் கோல்ட் கோஸ்டிலிருந்து கார்ல்டனுக்குப் போனார், கோல்ட் கோஸ்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்த டிராஃப்டிலும் கடைசி இடத்து அணிக்கே முதல் உரிமை என்பதால், உங்கள் இளைஞர் விரும்பும் மேற்கு ஆஸ்திரேலிய அணி 2027இல் புள்ளிப் பட்டியலின் அடியில் முடித்தால் உங்கள் பிடி தளர்ந்துவிடும். அது வெஸ்ட் கோஸ்டா, ஃப்ரீமேன்டிலா என்பதைக் கிளப் இப்போதே அறிந்து வைத்திருக்க வேண்டும்.

விலையையும் ஆண்டுக் கணக்கையும்விட, அந்தப் பையன் யாரோடு தங்கியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் சாப்பிடுகிறான் என்பது பெரிய விஷயம். மெக்லகேஜையும் பெர்ரியையும் சேர்த்து எடுத்த பிரிஸ்பேனைப் போல, இவ்வாண்டின் இரண்டாம் சுற்று பிக்கை நடுக்கள நட்சத்திரத்துக்குக் கொடுக்காமல், அதே பெர்த்திலிருந்து இன்னோர் இளைஞரை எடுக்கப் பயன்படுத்தலாம். மேற்கு ஆஸ்திரேலிய லீக்கில் 22, 23 வயதில் முதிர்ந்து நிற்கும் வீரர்களும் இருக்கிறார்கள். கெல்லியே சவுத் ஃப்ரீமேன்டிலிலிருந்து 23 வயதில்தான் எடுக்கப்பட்டார். பருவத்தின் நடுவில் நடக்கும் டிராஃப்டும் 2019 முதல் மீண்டும் இருக்கிறது. அவ்வாண்டு அதன் வழியே ரிச்மண்டுக்கு வந்த மார்லியன் பிக்கெட், தன் முதல் ஆட்டத்தையே கிராண்ட் ஃபைனலில் ஆடிக் கோப்பையும் வென்றார்.

உறுப்பினர்களின் ஆண்டுக் கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால், அந்த மிட்ஃபீல்டர் நல்லவரா என்று கேட்காதீர்கள். நல்லவர் என்றுதான் பதில் வரும். 2030ஆம் ஆண்டின் முதல் ஆட்டத்துக்குக் கிளப் மனத்தில் வைத்திருக்கும் 23 பேரில் இன்று பட்டியலில் இருப்பவர்கள் எத்தனை பேர், மற்ற இடங்கள் எந்த ஆண்டின் எந்த பிக்கால் நிரம்பும் என்று கேளுங்கள். பட்டியல் மேலாளர் அதற்கு எண்களோடு பதில் சொன்னால், இந்த டிரேடில் நான் அறியாத நியாயம் ஒன்று இருக்கலாம். அப்போது அந்தப் பதிலோடு மறுபடி எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.